எல்லா உறுப்புக்கும் ஒரே பயாப்ஸி கருவி: செய்ய முடியுமா?

கேள்வி இதுதான். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கும் நான்கு பேர், கல்லீரல், சிறுநீரகம், மார்பகம், நெறிக்கட்டி, எலும்பு என்று எங்கிருந்து வேண்டுமானாலும் திசு எடுக்கக்கூடிய ஒரே பயாப்ஸி கருவியைப் புராஜெக்டாகச் செய்ய நினைக்கிறார்கள். பிடி ஒன்று, வெட்டும் முனையை மட்டும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரைபடமும் வைத்திருக்கிறார்கள். இது சரிவருமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள்.

சரிவரும், ஆனால் நீங்கள் கை வைத்திருக்கும் இடம் தப்பு. இந்த மாதிரிக் கருவிகளை வடிவமைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெட்டும் முனையில் புதுமை செய்ய ஆரம்பித்தால் இரண்டு செமஸ்டரும் அதிலேயே போய்விடும். முனை ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யட்டும். பல உறுப்புக்கு ஒத்துவருகிற தன்மையை மற்ற மூன்று இடங்களில் கொண்டுவாருங்கள். பின்னாலிருக்கும் பிடி ஒன்று, உள்ளே போக வழிவிடும் வெளிக்குழல் ஒன்று, எடுத்த திசு ஊசியிலிருந்து லேப் பாட்டிலுக்குப் போகிற பாதை ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

முதலில் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, அது எடுத்துக்கொண்டு வருவதைப் பாருங்கள். மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது 18 கேஜ் ஊசி. கேஜ் என்பது ஊசியின் தடிமன் அளவு, எண் குறையக் குறைய ஊசி தடிக்கும். வெளிவிட்டம் சுமார் 1.27 மி.மீ. அதன் பக்கப் பள்ளத்தில் உட்கார்ந்து வரும் திசு முழு உருளைகூடக் கிடையாது, பாதிதான். பென்சிலில் போடுகிற 0.9 லெட்டை நீளவாக்கில் பிளந்தால் எப்படி இருக்கும், அந்தத் தடிமன். நீளம் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஃபில்டர் பேப்பரில் எடுத்து வைத்தால் வெந்த சேமியா ஒன்று ஒட்டிக்கிடப்பது மாதிரி இருக்கும். இந்தச் சேமியாவை வைத்துத்தான் திசுவைப் பரிசோதிக்கும் டாக்டரான ஒரு பாதாலஜிஸ்ட் 'புற்றுநோய்' என்றோ 'இல்லை' என்றோ கையெழுத்துப் போட வேண்டும்.

அவருக்கு என்ன வேண்டும் என்பது உறுப்புக்கு உறுப்பு மாறும். கல்லீரல் என்றால் குறைந்தது 2 செ.மீ. நீளம், அதற்குள் 11 போர்ட்டல் டிராக்டாவது (ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து ஓடும் இடம்) தெரிய வேண்டும் என்பார்கள். மொத்தக் கல்லீரலில் அந்தத் துண்டு ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். நார்த்திசு எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல வேண்டியிருப்பதால், துண்டு மெலிந்தாலோ நொறுங்கினாலோ நோயின் தீவிரத்தைக் குறைத்து மதிப்பிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் கல்லீரல் டாக்டர்கள் பலர் 16 கேஜ் கேட்பார்கள். மாற்றுச் சிறுநீரகத்தில் எடுக்கும் துண்டில் 10 கிளாமெருலஸும் 2 தமனியும் இருந்தால் போதுமான மாதிரி என்று, மாற்றுச் சிறுநீரகத் திசுவைப் படிக்கப் பாதாலஜிஸ்டுகள் பின்பற்றும் பான்ஃப் வகைப்பாடு சொல்கிறது. கிளாமெருலஸ் என்பது ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு, எல்லாம் சிறுநீரகத்தின் வெளிப்பட்டையில் இருப்பவை. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய் உள்பகுதியை எடுத்துவந்தால், நீளமான அழகான துண்டு கிடைக்கும், பதில் கிடைக்காது. புரோஸ்டேட்டில் வேறு கணக்கு. ஒரு துண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, திட்டமிட்ட 12 இடங்களிலிருந்து வந்ததா என்பதுதான் அங்கே முக்கியம். மார்பகத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளுக்காக எடுக்கும்போது, எடுத்த துண்டையே எக்ஸ்ரே எடுத்து வெள்ளைப் புள்ளி அதில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளியை எழுந்திருக்கச் சொல்வார்கள்.

ஆக, 'எல்லா உறுப்புக்கும்' என்று எழுதும்போது நீங்கள் வாக்குக் கொடுப்பது ஒரு கூட்டம் பாதாலஜிஸ்டுகளுக்கு. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பசி. புராஜெக்ட் நோட்டின் முதல் பக்கத்தில் கருவியின் படம் வேண்டாம், உறுப்பு வாரியாக இந்த எதிர்பார்ப்புகளை எழுதுங்கள்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், வாதத்துக்கு அது தேவைப்படுகிறது. பயாப்ஸி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எர்னெஸ்ட் பெனியே என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர், 1879இல். அதற்குப் பிறகு வந்த ஊசிகளை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதன் ஒரு குறையைத் தீர்க்க வந்தது என்று தெரியும். 1938இல் சில்வர்மேன் என்பவர் முனை இரண்டாகப் பிளந்த ஊசி ஒன்றைச் செய்தார். பிளந்த இரண்டு கைகளும் திசுவைக் கவ்விக்கொள்ளும், அதன்மேல் வெளிக்குழலை இறக்கி வெட்டுவார்கள். அந்த ஊசியை 1954இல் கார்க்கும் மியூர்க்கியும் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோனார்கள், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து. 1958இல் இத்தாலியின் மெங்கினி, கல்லீரலுக்குள் ஊசி இருக்கும் நேரத்தை ஒரு வினாடிக்குக் குறைத்தார். மூச்சு விடும்போது கல்லீரல் நகரும், அந்த நேரத்தில் ஊசி உள்ளே இருந்தால் கிழிந்து ரத்தம் கசியும் என்பது அவருடைய கவலை. உறிஞ்சி எடுக்கும் ஊசி அது. 1960களில் ட்ரூ-கட் வந்தது. உள்கம்பியில் 2 செ.மீ. நீளப் பள்ளம், மேலே வெட்டும் குழல். 1971இல் ஜம்ஷிதி எலும்பு மஜ்ஜைக்கு ஒன்று செய்தார். அதன் நுனி உள்பக்கமாகக் கொஞ்சம் குறுகும். உள்ளே நுழைந்த துண்டு அகலமான பகுதிக்குள் தளர்வாக உட்கார்ந்துவிடும், வெளியே இழுக்கும்போது நழுவாது. மஜ்ஜை எடுக்கப் போய் வெறுங்குழலோடு திரும்பிய அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிறகுதான் நமக்கு வேண்டிய இடம் வருகிறது. 1982இல் ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்கிரென் என்ற கதிரியக்க மருத்துவர், அதே ட்ரூ-கட் பாணி முனையைத் தொடாமல், பின்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு கன் செய்தார். முனை பழையது, அதைத் தள்ளும் விதம் புதிது. அதுவரை இரண்டு கையும் பழகிய ஒருவருக்குத்தான் வசப்பட்ட வேலை, ஒரு விரலால் தட்டுகிற வேலையாயிற்று. அந்த ஒரு மாற்றத்தால் அதே முனை புரோஸ்டேட்டுக்குப் போயிற்று, மார்பகத்துக்குப் போயிற்று, சிறுநீரகத்துக்கும் நெறிக்கட்டிக்கும் போயிற்று. பயாப்ஸி வரலாற்றிலேயே பல உறுப்புக்குப் பரவிய பெரிய பாய்ச்சல் இதுதான் என்பேன், அது நடந்தது பிடியில். இதற்குத் துணையாக இன்னொரு கதையும் உண்டு. ஃபிரான்சீன் என்பவர் 1941இல் எழுதிய, கிரீடம் மாதிரி மூன்று பல் கொண்ட முனை, எழுபது வருடத்துக்கும் மேல் கழித்து எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாகக் கணையத்தில் திசு எடுக்கும் ஊசிகளில் திரும்ப வந்திருக்கிறது. முனை பழையதே, அது பயணம் செய்யும் வாகனம் மட்டும் மாறியிருக்கிறது.

இனி கன்னுக்குள் என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம், பட்டனைத் தட்டினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் விஷயம் இது. இரண்டு ஸ்பிரிங்குகள். முதலாவது உள்கம்பியை முன்னால் தள்ளுகிறது. கம்பியின் கூர்நுனி திசுவைக் குத்திக்கொண்டு போகும், அதன் பின்னாலேயே பள்ளம் போகும். திசு இயல்பாகவே பள்ளத்துக்குள் சரிந்து விழும். கம்பி கடைசியை எட்டியதும் இரண்டாவது ஸ்பிரிங் விடுபட்டு, கூரான வெளிக்குழல் கம்பியின் மேல் ஓடிவந்து, பள்ளத்தில் விழுந்ததைச் சீவி மூடிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துளி இடைவெளிதான் கலை. குழல் முந்திக்கொண்டால் பள்ளம் நிரம்பியிருக்காது. ரொம்பப் பிந்தினால் திசு நழுவிப்போகும்.

வேகம் எதற்கு? அரிவாள்மனையில் நன்றாகப் பழுத்த தக்காளியை நறுக்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மெதுவாக அழுத்தினால் தோல் உள்வாங்கும், நசுங்கும், கடைசியில் பிதுங்கும். சட்டென்று இழுத்தால் வெட்டும். திசுவும் அப்படித்தான். மெதுவாகத் தள்ளினால் ஒதுங்கிப்போக அதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது. இளம்பெண்களின் மார்பில் வரும் ஃபைப்ரோஅடினோமா கட்டிக்குப் பாடப் புத்தகத்திலேயே மார்பக எலி என்று ஒரு பெயர் உண்டு. விரலுக்கு அடியில் அப்படி ஓடும். ஊசிக்கு முன்னாலும் ஓடும். வேகத்தைத் தவிர இன்னொரு வழி, வெட்டும் குழலைச் சுழற்றுவது. கத்தியை இழுத்து வெட்டுவதற்கு ஈடானது அது, தேவைப்படும் அழுத்தம் குறையும். வேக்யூம் உதவியோடு எடுக்கும் மார்பகக் கருவிகள், 1995இல் வந்தவை, இந்தச் சுழற்சியையும் உறிஞ்சலையும் சேர்த்துக்கொண்டன. உறிஞ்சல் திசுவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சுழலும் குழல் வெட்டும், வெட்டிய துண்டு குழல் வழியாகவே பின்னால் வந்துவிடும், ஊசியை வெளியே எடுக்காமலே அடுத்த துண்டு எடுக்கலாம். 14 கேஜ் சாதாரண கன்னில் ஒரு துண்டு சுமார் 17 மி.கி. என்றால், அதே கேஜ் வேக்யூமில் அதைப்போல் இரண்டு மடங்கு, 11 கேஜ் வேக்யூமில் ஏறக்குறைய 100 மி.கி. இவ்வளவும் சரி, ஆனால் அதற்கு ஒரு மெஷினும், ஒவ்வொரு நோயாளிக்கும் விலை கூடிய புது ஊசியும் வேண்டும். மாணவர் புராஜெக்டுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் நிஜமாகவே கை வைக்கக்கூடிய இடம், ஊசி முன்னால் பாயும் தூரம். டாக்டர்கள் அதை 'த்ரோ' என்பார்கள். வழக்கமாக 10 மி.மீ. அல்லது 20-22 மி.மீ. கவனிக்க வேண்டியது, பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் கூர்நுனிக்கும் சில மில்லிமீட்டர் நீளம் உண்டு. அந்த நீளத்தில் திசு எதுவும் எடுபடாது, ஆனால் குத்தும். 1 செ.மீ. நெறிக்கட்டி, அதன் பின்னால் மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக்குழாய் என்றால், 22 மி.மீ. பாய்கிற கன்னை அங்கே யாரும் தட்ட மாட்டார்கள். அங்கேதான் செமி-ஆட்டோமேட்டிக் வகை உதவும். உள்கம்பியை டாக்டர் தன் கையாலேயே மெதுவாகத் தள்ளி, பள்ளம் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறதா, நுனி எங்கே நிற்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்வார். பிறகு குழல் மட்டும் பாயும். நுனி ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறாது. கெட்டியான திசுவில் முழு ஆட்டோமேட்டிக், ஆபத்தான இடத்தில் செமி. இரண்டும் ஒரே பிடியில், நம்பகமாக மாறுகிற மாதிரி செய்தாலே உங்கள் புராஜெக்டுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

'நம்பகமாக' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்னால் எங்கள் குழு ஒரு மாதிரிக் கருவி செய்தது. த்ரோவை 10இலிருந்து 22 வரை எந்த அளவிலும் வைத்துக்கொள்ளலாம், பின்னால் ஒரு திருகு. மேஜையில் வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு பெருமை எங்களுக்கு. ஒரு ரேடியாலஜி டாக்டரிடம் காட்டினோம். அவர் கையுறை போட்டு, அதன்மேல் ஸ்கேன் ஜெல்லைப் பூசிக்கொண்டு, இடது கையில் ஸ்கேன் புரோபை (உடம்பின்மேல் வைத்துப் பார்க்கும் கருவியை) பிடித்தபடி வலது கையால் மட்டும் திருகப் பார்த்தார். வழுக்கியது. இன்னொரு முறை திருகினார், திரும்பியது, ஆனால் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்கக் கருவியைக் கண்ணுக்கு நேரே தூக்க வேண்டியிருந்தது. கருவியை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நல்லா இருக்கு சார். பதினேழு மில்லிமீட்டர் எந்த நோயாளிக்கு வேணும்?" எங்களிடம் பதில் இல்லை. அடுத்த மாதிரியில் இரண்டே நிலை வைத்தோம். மாற்றும்போது கட்டை விரலுக்குக் கீழே 'டக்' என்று தெரிய வேண்டும், சத்தமும் கேட்க வேண்டும், ஸ்பிரிங் ஏற்றிய பிறகு நிலையை மாற்றவே முடியக்கூடாது. எத்தனை விதமாக அமைக்கலாம் என்பதைப் பல்திறன் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். கருவியைப் பிடிப்பவருக்கு அது குழப்பமாகப் போய்விட்டது.

ஒரு கை என்பதை மறக்கவே கூடாது. இன்னொரு கை எப்போதும் புரோபில் இருக்கும். ஸ்பிரிங்கை ஏற்ற எவ்வளவு பலம் வேண்டும், சின்னக் கை உள்ள டாக்டருக்கு எட்டுமா, 12 முறை ஏற்றினால் வலிக்குமா என்று அளந்து பாருங்கள். சத்தமும்தான். கன் வெடிக்கிற மாதிரி 'டப்' என்று கேட்டதும் நோயாளி துள்ளினால், ஊசி உள்ளே இருக்கும்போது துள்ளுகிறார் என்று அர்த்தம். அதனால்தான் பல டாக்டர்கள் குத்துவதற்கு முன் வெளியிலேயே ஒரு தடவை தட்டி, "இந்தச் சத்தம்தாங்க, பயப்படாதீங்க" என்று காட்டிவிடுகிறார்கள். சத்தத்தைக் குறைக்கிற ஒரு ரப்பர் தடுப்பு, என் கணக்கில், புது முனையைவிடப் பெரிய உபகாரம்.

அடுத்தது வெளிக்குழல், இதை கோ-ஆக்சியல் முறை என்பார்கள். 18 கேஜ் ஊசிக்கு 17 கேஜ் வெளிக்குழல் ஒன்றை முதலில் கட்டியின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு எத்தனை துண்டு எடுத்தாலும் உள் ஊசி மட்டும் போய்வரும். நுரையீரலில் இதன் மதிப்பு சட்டென்று புரியும். ஒவ்வொரு முறை நுரையீரலைப் போர்த்தியிருக்கும் பிளூரா சவ்வைத் துளைக்கும்போதும் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கும் வாய்ப்பு இருக்கிறது. வெளிக்குழல் இருந்தால் ஒரே துளை. புற்றுநோய்ச் செல்கள் ஊசிப் பாதையில் சிந்துவதும் இதனால் குறையும் என்பது எதிர்பார்ப்பு. ரத்தம் உறைவதில் பிரச்சினை உள்ளவருக்குக் கல்லீரலில் எடுத்தால், வெளியே வரும்போது அதே குழல் வழியாக ஜெலட்டின் நுரையை வைத்துப் பாதையை அடைத்துவிட்டு வரலாம். மார்பகத்தில், எடுத்த இடத்தை அடையாளம் காட்டும் சின்ன உலோகக் கிளிப்பை வைத்துவிட்டு வரலாம். 22 கேஜ் மெல்லிய ஊசியை அதே வழியில் விட்டு எஃப்.என்.ஏ.சி.க்கு (துண்டாக இல்லாமல் செல்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் சோதனை) உறிஞ்சிக்கொள்ளலாம்.

இதைத்தான் நான் பல்திறன் என்பேன். ஒரு வாசல், அதன் வழியாக உள்ளே போகும் ஆட்கள் வேறு வேறு. உங்கள் வரைபடத்தில் பிடியின் மூக்கில் முனையை மாற்றுகிறீர்கள், அதற்கு ஒவ்வொரு முறையும் ஊசியை உடம்பிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். உடம்புக்குள் நிற்கிற குழலின் பின்வாயில் மாற்றுங்கள். அங்கே ஆழத்தைப் பூட்டும் ஒரு தடுப்பு வைத்து, எந்த ஊசி மாட்டினாலும் பள்ளம் ஒரே ஆழத்தில் வந்து நிற்கிற மாதிரி செய்ய முடிந்தால், அது உருப்படியான வேலை. இப்போது பெரும்பாலும் ஒரு கம்பெனி ஊசி இன்னொரு கம்பெனி கன்னில் உட்காராது, குழலும் நீளம் ஒத்துப்போகாது.

எலும்பை விட்டுவிடுங்கள். மென்திசு ஊசிகளின் உறையைத் திருப்பிப் படித்தால் 'எலும்புக்கு அல்ல' என்று தெளிவாகவே போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஸ்பிரிங் விசையால் எலும்பு வெட்டாது, ஊசிதான் வளையும். அங்கே கை திருப்பித் துளைக்க வேண்டும், இல்லை மோட்டார் வேண்டும். ஆனால் நோயால் அரிக்கப்பட்டு உள்ளே மெத்தென்றாகிவிட்ட எலும்புக் கட்டிகளில், எலும்பு ஊசியால் வெளிச்சுவரைத் துளைத்துவிட்டு, அதன் உள்ளே மென்திசு ஊசியை அனுப்பித் திசு எடுப்பது உண்டு. மறுபடியும் வெளிக்குழல் தத்துவம்தான். இதை எதிர்காலத் திட்டம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள்.

இனி மூன்றாவது விஷயம், லேபுக்குப் போகிற பாதை. நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று ஒருவர் வந்தால், டாக்டர் மனதில் முதலில் ஓடுவது இரண்டு: டி.பி.யா, லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றா? இரண்டுக்கும் திசு வேண்டும், ஆனால் ஒரே பாட்டிலில் அல்ல. மைக்ரோஸ்கோப்புக்கு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம். டி.பி. கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கிருமி நீக்கிய சலைன், அதாவது உப்புநீர். லிம்ஃபோமா என்று சந்தேகம் வலுவாக இருந்தால் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிரோடிருக்கும் செல்கள். ஒரு மருத்துவமனையில் நானே பார்த்தது: மூன்று துண்டு எடுத்தார்கள், மூன்றும் அருமையாக வந்தன, பக்கத்தில் தயாராக இருந்தது ஃபார்மலின் பாட்டில் ஒன்றுதான், மூன்றும் அதற்குள் போயின. ரிப்போர்ட்டில் கிரானுலோமா (அழற்சிச் செல்களின் திரள்) என்று வந்தது, டி.பி.யாக இருக்கலாம், கல்ச்சர் செய்யவும் என்று குறிப்பு. ஃபார்மலினில் உயிரோடு கிருமி ஏது? அந்தப் பையனுக்குத் திரும்பவும் ஊசி. கருவியில் ஒரு குறையும் கிடையாது, கேஜ் சரி, த்ரோ சரி. ஆனால் அந்த ஊசியின் உறைக்குள்ளேயே நிறம் பிரித்த மூடியுடன் இரண்டு குப்பி இருந்து, முதல் துண்டு இதில் என்று மேலே எழுதியிருந்தால் இரண்டாவது குத்து இருந்திருக்காது. சிறுநீரகத்திலும் இதே கதை. ஒளி மைக்ரோஸ்கோப்புக்கு ஃபார்மலின், ஒளிரும் சாயத்தால் நோயெதிர்ப்புப் புரதங்களைத் தேடும் இம்யூனோஃப்ளூரசன்ஸுக்குப் பதப்படுத்தாத திசு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு குளூட்டரால்டிஹைடு.

ஊசியிலிருந்து துண்டை எடுக்கும் தருணமும் கவனத்துக்கு உரியது. பள்ளத்தில் ஒட்டியிருப்பதை இன்னொரு ஊசி நுனியால் சுரண்டி எடுக்கிறார்கள். நெறிக்கட்டிச் செல்கள் ரொம்ப மென்மையானவை. சுரண்டினால் நசுங்கும், சிலைடில் நீலக் கறையாக இழுபடும். லிம்ஃபோமாவும், நுரையீரலின் சின்னச்செல் புற்றும் இப்படி நசுங்கினால் பெயர் சொல்லவே பாதாலஜிஸ்ட் திணறுவார். சலைன் கிண்ணத்தில் ஊசியை முக்கி மெல்ல ஆட்டினால் துண்டு தானாக மிதந்து வரும், அல்லது ஃபில்டர் பேப்பரில் பள்ளத்தை ஒற்றி உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஒரு சின்ன தாங்கி, ஊசியைக் கிடத்தினால் பள்ளம் மட்டும் பேப்பரைத் தொடுகிற மாதிரி, மூன்று ரூபாய் பிளாஸ்டிக்கில் செய்யலாம். எந்த உறுப்பாக இருந்தாலும் உதவும். உங்கள் நால்வரில் ஒருவர் முழுக்க இதில் மட்டும் உட்கார்ந்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

பொருள், விதிமுறைகள் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியை எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோக முடியாது. அங்கே டைட்டானியம், நிக்கல் கலவைகள் வேண்டும், அவற்றில் கூர்மை ஸ்டீல் அளவு நிற்காது. 'எம்.ஆர்.ஐ.யிலும் ஓடும்' என்று ஆசைப்பட்டு ஸ்டீலை விடாதீர்கள். அல்ட்ராசவுண்டில் நுனி தெரிய அதன்மேல் சின்னக் குழிகள் பொறிப்பது நல்ல பழக்கம், பாய்ந்து போகும்போது திசுவில் உரசாத அளவு ஆழத்தில். பிடி பலமுறை பயன்படுவது, ஊசி ஒருமுறைக்கு மட்டும் என்று பிரித்தால் செலவு குறையும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரி நீராவியைப் பிடி தாங்க வேண்டும், ஸ்பிரிங் தளர்ந்ததா என்று சோதிக்க வழி இருக்க வேண்டும். ஊசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கழுவித் திரும்பப் பயன்படுத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஒரு மி.மீ. குழலின் உள்பக்கத்தை யாரும் சுத்தம் செய்துவிட முடியாது. ஒருமுறை சுட்டதும் பூட்டிக்கொள்கிற ஊசி என்று போனால் ஒரே நோயாளியிடம் நான்கு துண்டு எடுக்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கும் நல்ல வழி தெரியவில்லை, யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகள். ஆபத்துக் கணக்கிடலுக்கு ஐ.எஸ்.ஓ. 14971, உடலுக்கு ஒத்துவருகிறதா என்பதற்கு 10993. இந்த இரண்டையும் இப்போதே எடுத்துப் படித்துவிடுங்கள். இன்னொன்று, உறையில் எந்தெந்த உறுப்பின் பெயரை எழுதுகிறீர்களோ அதற்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். ஐந்து உறுப்பு எழுதுவது ஒரு வரிதான், சோதனை ஐந்து மடங்கு.

சோதனை என்றதும் பயப்பட வேண்டாம், கறிக்கடை போதும். ஆட்டு ஈரல், ஆட்டுக் கிட்னி, மார்பகத்துக்கு ஈடாக மாட்டு மடி கிடைத்தால் மடி, இல்லாவிட்டால் கோழி நெஞ்சுக்கறி. கறிக்குள் விதையில்லாத திராட்சையையோ ஊறவைத்த கொண்டைக்கடலையையோ புதைத்துவிட்டால் நல்ல கட்டி. ஸ்கேனில் திராட்சை கறுப்பாகத் தெரியும், கடலை ஓடிப்போகப் பார்க்கும், இரண்டும் வேறு வேறு பாடம். ஒவ்வொரு திசுவிலும் குறைந்தது 30 முறை சுடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், எடை, எத்தனை துணுக்காக உடைந்தது என்று குறியுங்கள். வெறும் பள்ளமாக வந்த சுடுதல்களை விட்டுவிடாமல் எழுதுங்கள், அந்த எண்ணிக்கைதான் கருவியின் உண்மையான மார்க். பத்துத் துண்டையாவது ஃபார்மலினில் போட்டு, பக்கத்து மருத்துவக் கல்லூரி பாதாலஜி துறையில் கெஞ்சிக் கேட்டு சிலைடு போட்டுப் பாருங்கள். ஓரம் நசுங்கியிருக்கிறதா என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது.

ஈரல் வாங்கக் காலையிலேயே போங்கள். முழு ஈரலாகக் கேளுங்கள், மேலே இருக்கும் சவ்வை உரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடைக்காரர் பழக்கத்தில் உரித்துவிடுவார். சவ்வைத் துளைக்கும்போதுதான் ஊசியின் கூர்மை தெரியும். பிற்பகல் வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்ததும் வேறு மாதிரி வெட்டும், முதல் நாள் எடுத்த கணக்கோடு ஒத்துப்போகாது.